இருபதுகளில் சேமிப்பா, படிப்பா?

விதைநெல்:
முதல் சம்பளத்திலிருந்தே சேமிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒருவர் 25 வயதில் தொடங்கி மாதம் 1,000 போட்டு, 35-இல் நிறுத்திவிடுகிறார். பணத்தை எடுக்கவும் இல்லை. இன்னொருவர் 35-இல் தொடங்கி 65 வரை அதே 1,000 போடுகிறார். ஆண்டுக்கு 8 சதவீதம், மாதாமாதம் கூட்டுவட்டி என்றால், 65 வயதில் முதலாமவரிடம் சுமார் 20 லட்சம், இரண்டாமவரிடம் சுமார் 15 லட்சம். மூன்றில் ஒரு பங்கு மட்டுமே போட்டவர் முந்திவிட்டார்!

பாதசாரி:
இந்தக் கணக்கில் விலைவாசி எங்கே? ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால் 12 ஆண்டில் எல்லாம் இரட்டிப்பு விலை. 8-இல் 6 போனால் மிச்சம் 2. அந்த 2 சதவீதத்தில், இன்றைய பணமதிப்பில் போட்டுப் பாருங்கள். முதலாமவருக்கு 2.4 லட்சம், இரண்டாமவருக்கு 4.9 லட்சம். இளம் வயதில் ஒருவருக்கு இருக்கும் பெரிய சொத்து உழைக்கும் திறன்தான். கையில் மிஞ்சுவதைத் தொழில் கற்பதில் போடட்டும். வருமானம் குறைவான காலத்தில் குறைவாகச் சேமித்து, கூடும்போது கூட்டுவதே இயல்பு என்பதை 1985-இல் நோபல் பெற்ற பொருளியல் அறிஞர் பிராங்கோ மோதிலியானியின் கோட்பாடும் ஒட்டியே போகிறது.

விதைநெல்:
சரி, ஆனால் உங்கள் கணக்கு நடக்க வேண்டுமென்றால் அந்த 1,000-ஐயும் விலைவாசியோடு ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அறுபதைத் தாண்டும்போது மாதம் பத்தாயிரத்தை நெருங்கிவிடும். அந்த வயதில் உடம்பு ஒத்துழைக்குமா, வேலை இருக்குமா?

கரையோரம்:
இருவரும் கையில் பணம் மிஞ்சுகிறவரைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கவலை கடனில் நுழைகிறவரைப் பற்றி. கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும். ஆண்டுக்கு அது 42 சதவீதத்துக்கு மேல். கட்டாமல் விட்டால் 24 மாதத்தில் கடன் இரட்டிப்பு. எந்தச் சேமிப்பும் இதை எட்டிப் பிடிக்காது. அப்புறம் ஜாமீன் கையெழுத்து. நண்பனுக்காகப் போட்டது, அவன் கட்டாதபோது உங்கள் கடனாகிவிடும். பிறகு சொந்த வீட்டுக்குக் கடன் கேட்கும்போது அதுவே குறுக்கே நிற்கும். 25 வயதில் இதை யாரும் சொல்லித் தருவதில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

பாதசாரி:
ஜாமீன் விஷயத்தில் மறுப்பே இல்லை. ஆனால் படிப்புக் கடனையும் கார்டு கடனையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. முதலாவது வருமானத்தை உயர்த்தும்.

கரையோரம்:
உயர்த்தினால் நல்லது. பாதியில் நின்ற படிப்புக்கும் தவணை முழுசாகத்தான் வருகிறது. அந்தப் படிப்பை முடித்தவர்கள் என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், நானும் உங்கள் பக்கம் வருகிறேன்.