ஏற்காட்டு வெண்ணெய்ப்பழம்: வாங்குபவர்களும் வளர்ப்பவர்களும் பகிரும் அனுபவங்கள்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒருவர்:

ஆடி பிறந்துவிட்டால் ஏற்காட்டுச் சாலையோரக் கடைகளில் வெண்ணெய்ப்பழம் குவியத் தொடங்கிவிடுகிறது. மலையேறி இறங்குபவர்கள் பை நிறைய வாங்கிச் செல்கிறார்கள். ஆனால் அவற்றில் கணிசமான பகுதி, வீட்டுக்குப் போன பின் பழுக்காமலே சுருங்கியோ, ஒருபுறம் கனிந்து மறுபுறம் கெட்டியாக நின்றோ வீணாகிப் போகிறது. இதற்குப் பழத்தைக் குறை கூறுவது நியாயமாகாது. வெண்ணெய்ப்பழம் வாங்குவது குறித்து இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை, 1935இல் கலிஃபோர்னியாவில் காப்புரிமை பெற்ற ஹாஸ் என்ற ரகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்த ரகம் பழுக்கும்போது தோல் கறுத்துவிடும். ஆகவே நிறத்தைப் பார்த்தே வாங்கிவிடலாம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிற்பவையோ பெரும்பாலும் விதையிலிருந்து முளைத்த மரங்கள். ஒரு மரத்துப் பழம் பச்சையாகவே இருந்து பழுக்கும். பக்கத்து மரத்துப் பழம் கருஞ்சிவப்பாக மாறும். ஒன்று நீண்ட கழுத்துடனும் மற்றொன்று உருண்டையாகவும் இருக்கும். நம் ஊர்ப் பழத்தைக் கண்ணால் தேர்ந்தெடுக்க முயல்பவர்கள்தாம் ஏமாறுகிறார்கள். கையாலும் காதாலும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதை எனக்கு உணர்த்தியவர் ஒண்டிக்கடை அருகே பழம் விற்கும் ஓர் அம்மாள். நல்ல பழமாகக் கொடுங்கள் என்று கேட்டதும் அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்: “இன்னைக்கே சாப்பிடறதுக்கா சார், ஊருக்குக் கொண்டு போறதுக்கா?” இன்றைக்கு என்றால், பழத்தை உள்ளங்கையில் வைத்து எல்லா விரல்களாலும் ஒருசேர மெல்ல அழுத்திப் பார்த்துக் கொடுத்தார். கட்டைவிரலால் குத்திப் பார்த்தவர்களை அவர் அதட்டியதற்கும் காரணம் உண்டு. விரல் பதிந்த இடத்தில் சதை நசுங்கி, மறுநாளே அங்கே பழுப்பு நிறம் படர்ந்துவிடும். அந்தப் பழத்தை வாங்கப் போகிறவர் வேறொருவர். ஊருக்கு என்றால், கெட்டியான பழத்தைக் காதருகே கொண்டுபோய் ஆட்டினார். முற்றிய பழத்தில் கொட்டை சதையை விட்டு விலகிக் ‘கடகட’வென்று ஆடும். எல்லா மரத்துப் பழத்திலும் இந்த ஓசை வராது என்றாலும், வந்தால் அந்தக் காய் முற்றியது என்று நம்பலாம். காம்பு ஒட்டியிருக்கும் பழத்தையே அவர் தேடி எடுத்ததையும் கவனித்தேன். காம்பைக் கிள்ளி அடியில் பச்சையா பழுப்பா என்று பார்க்கும்படி பலர் அறிவுரை கூறுகிறார்கள். வீட்டில், வெட்டப் போகும் நேரத்தில் அதைச் செய்யலாம். கடையில் செய்தால், அழுகல் நுழைய நாமே வழி திறந்துவிட்டதாக ஆகும்.

நாகலூர்ப் பக்கத் தோட்டத்திலிருந்து ஒருவர்:

அஸ்தம்பட்டி ஐயா வாங்கும் பக்கத்தை எழுதிவிட்டார். பறிக்கும் பக்கத்தை நான் சேர்க்கிறேன். ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820களில், சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில். வெண்ணெய்ப்பழம் தென்னிந்தியாவுக்கு வந்தது அதற்கு வெகு காலத்துக்குப் பின், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கை வழியாக. அதனால் எங்கள் பக்கத்தில் இந்த மரம் தனித் தோப்பாக இருப்பது அரிது. சில்வர் ஓக், ஆரஞ்சு, மிளகுக் கொடிகளுக்கிடையே காப்பிக்கு நிழலாக நிற்கும். யாரும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யாமல் விட்டதால் ஓங்கி வளர்ந்துவிட்ட மரங்களே அதிகம், பறிப்பதும் கடினம். அண்மைக் காலத்தில் ஒட்டுக் கன்றுகளும், திண்டுக்கல் மாவட்டத்துத் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.கே.டி. 1 ரகமும் நடப்படுகின்றன என்றாலும், சாலையோரக் கடைக்கு வருவது இன்னமும் பழைய மரத்துப் பழமே.

வாங்குபவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி, வெண்ணெய்ப்பழம் மரத்தில் பழுக்காது என்பதே. முற்றிய காய் மரத்தில் பல வாரங்கள் அப்படியே தொங்கும். பறித்த பின்னரே பழுக்கத் தொடங்கும். ‘மரத்திலேயே பழுத்தது’ என்று சொல்லி யாராவது விற்றால், கீழே விழுந்து கனிந்த பழமாக இருக்கக் கூடும். விழுந்த பழத்தில் அடிபட்ட பக்கம் உள்ளே கறுத்திருக்கும். நாங்கள் தொரட்டியின் நுனியில் சிறு வலைப்பை கட்டி, காம்பு கொஞ்சம் ஒட்டியிருக்கும்படி பறிக்கிறோம். மழை நனைந்த காயைப் பறித்து ஈரத்தோடு மூட்டை கட்டினால் காம்புப் பக்கத்திலிருந்து அழுகும். வியாபாரி வந்து நிற்கிறாரே என்று அவசரப்பட்டாலும் உலர்ந்த பிறகே பறிப்பது நல்லது.

பருவத்தின் முதல் வாரங்களில் நல்ல விலை கிடைக்கும் என்பதால், முற்றாத காயையும் சிலர் இறக்கிவிடுகிறார்கள். இதை எங்கள் பக்கத்துக் குறை என்றே சொல்ல வேண்டும். முற்றாத காய் எத்தனை நாள் வைத்தாலும் முறையாகப் பழுக்காது. தோல் சுருங்கும், சதை ரப்பர் போல இழுக்கும், சுவை நீர்த்துப் போயிருக்கும். நாங்கள் ஒரு மரத்தில் பறிக்கத் தொடங்கும் முன் ஒரு காயை அறுத்து உள்ளிருக்கும் கொட்டையைப் பார்ப்போம். கொட்டையை மூடியிருக்கும் மெல்லிய தோல் வெளிறிய மஞ்சளாகவும் சதைப்பற்றோடும் இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். அதுவே காகிதம் போல உலர்ந்து கரும்பழுப்பாக மாறியிருந்தால் அறுவடைக்கு ஆயிற்று. வீட்டில் முதல் பழத்தை அறுக்கும்போது நீங்களும் இதைப் பாருங்கள். அந்தத் தோல் வெளிறியிருந்தால், அதே கடையில் அதே குவியலிலிருந்து மீண்டும் வாங்க வேண்டாம். வெளித்தோலில் பளபளப்பு குறைந்து, பச்சையில் இலேசாக மஞ்சள் கலந்திருப்பதும் முற்றியதற்கு அடையாளம்.

ஐந்து ரோடு பகுதியிலிருந்து, உணவு ஆலோசகர் ஒருவர்:

என்னிடம் வருபவர்கள் வெண்ணெய்ப்பழத்தை மருந்தாகவே கருதிக் கேட்கிறார்கள். நல்ல பழம்தான், மருந்தன்று. ஏற்காட்டுப் பழம் உண்பவர்களுக்குப் பயன்படும் ஒரு வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையில் கலிஃபோர்னியப் பழமும் ஃபுளோரிடாப் பழமும் தனித்தனியே தரப்பட்டுள்ளன. கலிஃபோர்னியப் பழத்தின் 100 கிராம் சதையில் ஏறத்தாழ 15 கிராம் கொழுப்பும் 165 கலோரி அளவுக்கு ஆற்றலும் 500 மில்லிகிராம் பொட்டாசியமும் உள்ளன. பெரிதாகவும் பச்சைத் தோலுடனும் நீர் மிகுந்தும் இருக்கும் ஃபுளோரிடாப் பழத்தில் கொழுப்பு 10 கிராம், ஆற்றல் 120 கலோரி, பொட்டாசியம் 350 மில்லிகிராம். இந்தப் பொட்டாசிய அளவு வாழைப்பழத்துக்குச் சமமானது. ஏற்காட்டில் கிடைக்கும் பெரிய பச்சைத் தோல் பழங்களில் நீர்த்த சதையுடையவை இந்த இரண்டாம் வகையை ஒத்திருக்கின்றன. எனவே விளம்பரங்களில் காணும் உயர்ந்த எண்களை எல்லாப் பழத்துக்கும் பொருத்த வேண்டாம். இரண்டு வகையிலும் நார்ச்சத்து 100 கிராமுக்கு 5 கிராமுக்கு மேல் இருப்பதும், சர்க்கரை 3 கிராமுக்கும் குறைவாக இருப்பதுமே நீரிழிவு உள்ளவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கக் காரணம்.

இதிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதி, ஆலிவ் எண்ணெயில் உள்ளதைப் போன்ற ஒலியிக் அமிலம். வெண்ணெய், டால்டா போன்றவற்றுக்கு மாற்றாக இதை உண்டால் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். குறையும். ஆனால் வழக்கமான உணவை மாற்றாமல் தினமும் ஒரு பழத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டால் தொப்பை கரையும் என்பது தவறு. ஏறத்தாழ 1,000 பேரை ஆறு மாதம் கண்காணித்து 2022இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், தினம் ஒரு பழம் உண்டவர்களுக்கு வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு குறையவில்லை, எல்.டி.எல். சிறிதளவே குறைந்தது. இதைவிட நம் சமையலுக்குப் பயன்படக் கூடிய ஆய்வு, 2005இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது. கேரட், கீரை, தக்காளி போன்றவற்றில் உள்ள கரோட்டினாய்டுகள் என்ற நிறமிச் சத்துகள் கொழுப்பில் கரைபவை. அவற்றுடன் வெண்ணெய்ப்பழத்தைச் சேர்த்து உண்டபோது உடல் அவற்றைப் பல மடங்கு கூடுதலாக ஈர்த்துக்கொண்டது. கேரட்டைத் துருவி, வெண்ணெய்ப்பழத் துண்டுகளும் தயிரும் உப்பும் சேர்த்துப் பச்சடியாகச் செய்தால் இந்தப் பயன் எளிதில் கிடைக்கும். ஏற்காட்டு மிளகைக் கரகரப்பாகப் பொடித்துத் தூவினால் சுவைக்கு வேறெதுவும் தேவையில்லை. நம் ஊர்ப் பழச்சாறுக் கடைகளில் இந்தப் பழத்தோடு சர்க்கரையும் ஐஸ்கிரீமும் சேர்த்து அடித்துத் தரும் பானத்தை, தயவுசெய்து உடல்நலக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சிறுநீரகக் குறைபாட்டால் பொட்டாசியத்தைக் குறைத்துக்கொள்ளும்படி மருத்துவர் கூறியிருப்பவர்கள் கேட்காமல் உண்ணக் கூடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபாரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென நிறைய உண்ணத் தொடங்க வேண்டாம். ரப்பர் கையுறையால் ஒவ்வாமை ஏற்படுபவர்களில் சிலருக்கு வெண்ணெய்ப்பழமும் வாழைப்பழமும் ஒத்துக்கொள்வதில்லை.

அம்மாபேட்டையிலிருந்து ஒருவர்:

மலையில் ஒரு வாரம் தாங்கும் பழம் சேலத்தில் அதில் பாதி நாள்களிலேயே கனிந்துவிடுகிறது. 20 முதல் 25 டிகிரிக்குள் சீராகப் பழுக்கும் பழம் இது. 30 டிகிரியைத் தாண்டினால் ஒருபுறம் குழைந்து, மறுபுறம் கெட்டியாகவே நிற்கும். எங்கள் வீட்டில் மாமியார் அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார். பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு அதைச் சுற்றியே தங்குவதால் சீக்கிரம் பழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் வெயில் காயும் நாள்களில் மாடி அறையில் இருக்கும் பானையைவிட, தரையில் குளிர்ந்த மூலையில் காகிதப் பையில் வாழைப்பழத்தோடு வைப்பது நல்ல பலன் தருகிறது. அவசரமில்லை என்றால் வாழைப்பழமும் வேண்டாம்.

கெட்டியான காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவே கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 5 டிகிரி குளிரில் அந்தக் காயின் பழுக்கும் தன்மையே கெட்டுவிடும். வெளியே எடுத்தபின் தோல் கறுத்து, சதை சாம்பல் நிறமாகி, நரம்பு நரம்பாகத் தெரியும். நன்கு பழுத்த பின் உள்ளே வைத்தால் இரண்டு மூன்று நாள் தாராளமாகத் தாங்கும். வெட்டிய பாதியை, எலுமிச்சைச் சாறு தடவி, காற்றுப் புகாமல் உறையை அந்தச் சதையின்மீதே ஒட்டினாற்போல் மூடினால் மறுநாள் வரை நிறம் மாறுவதில்லை. கொட்டையை எடுக்காமல் விட்டால் கறுக்காது என்பார்கள். கொட்டைக்கு அடியில் உள்ள இடம் மட்டும் கறுக்காது, அவ்வளவுதான். முழுப் பழத்தைத் தண்ணீரில் மூழ்க வைத்துச் சேமிக்கும் முறை ஒன்று காணொளிகளில் பரவிற்று. தோலிலுள்ள கிருமிகள் அந்த நீரில் பெருகக் கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் எச்சரித்தது. எந்த முறையில் சேமித்தாலும் வெட்டும் முன் தோலைக் கழுவுங்கள். கத்தி தோலில் உள்ளதைச் சதைக்குள் இழுத்துச் செல்லும். நிறையப் பழம் ஒரே நேரத்தில் கனிந்துவிட்டால், எலுமிச்சைச் சாறு கலந்து மசித்து உறையவைக்கும் பகுதியில் வைத்துவிடுகிறேன். துண்டுகளாக உறைய வைத்தால் உருகும்போது குழைந்துவிடும்.

மஞ்சக்குட்டையிலிருந்து ஒருவர்:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஆடு வளர்ப்பவர்கள் இந்த மரத்தின் தழையை ஒடித்துப் போடக் கூடாது. இலையிலும் பட்டையிலும் உள்ள பெர்சின் என்ற நச்சுப் பொருளால் கறவை ஆடுகளின் மடி வீங்கிப் பால் வற்றும். நிறையத் தின்றால் இதயத் தசையே பாதிக்கப்படும். வீட்டில் கிளி, லவ் பேர்ட்ஸ் வைத்திருப்பவர்கள் பழத்தைக்கூடக் கொடுக்க வேண்டாம்.

அஸ்தம்பட்டியிலிருந்து, மீண்டும்:

சென்னையில் இருக்கும் மகளுக்குப் பேருந்தில் அனுப்பலாமா என்று ஓர் அம்மையார் தனியே கேட்டிருந்தார். தாராளமாக அனுப்பலாம், அம்மா. கொட்டை ஆடும், ஆனால் விரலுக்குச் சிறிதும் இளகாத காய்களாகப் பாருங்கள். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, ஓட்டை உள்ள அட்டைப் பெட்டியில் ஒரே அடுக்காக வையுங்கள். பாலித்தீன் பையில் கட்டினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஏற்காட்டிலிருந்து இறங்குவதற்கு முதல் நாளே வாங்கினால் போதும். சென்னைக்குப் போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறந்து காற்றோட்டமாகப் பரப்பி வைக்கச் சொல்லுங்கள். நாள்தோறும் ஒருமுறை தொட்டுப் பார்த்து, இளகியதை மட்டும் எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிக்கொள்ளட்டும்.