ஏசி மெனுவில் தட்டல்களைக் குறைத்த பிறகு ஓட்டுநர்கள் திரையை இன்னும் அதிக நேரம் பார்க்கிறார்கள். எங்கே தவறு?

திரைப்பணி:
வணக்கம் நண்பர்களே. காரின் நடுத்திரைக்கு இடைமுகம் வடிவமைக்கும் சிறு குழு ஒன்றில் வேலை செய்கிறேன். இரண்டு வாரமாக ஒரு சிக்கல் பிடிபடவே இல்லை.

பழைய வடிவத்தில் குளிர்ச்சியை மாற்ற நான்கு தட்டல்கள் தேவைப்பட்டன. முகப்பு, ஏசி, வெப்பநிலை, அப்புறம் அளவு. "உள்ளே போய்ப் போய் வரவேண்டியிருக்கு" என்று எல்லோரும் குறை சொன்னார்கள். அதனால் வெப்பநிலை, ஃபேன் வேகம், காற்று வரும் திசை, சீட் சூடு, கண்ணாடிப் பனி நீக்கம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைத்தோம். வெப்பநிலைக்கு ஒரு நீளமான ஸ்லைடர். இப்போது இரண்டே தட்டல்கள்தான். மேசையில் வைத்துச் சோதித்தபோது எல்லோரும் பழையதைவிட வேகமாக முடித்தார்கள்.

பிறகு மூடிய சோதனைத் தடத்தில் ஆறு பேரை ஓட்டச் சொல்லி, கண் போகும் இடத்தைக் கேமராவில் பதிவு செய்தோம். பழைய வடிவத்தில் சின்னச் சின்னப் பார்வைகள், நிறைய தடவை. புதியதில் தடவை குறைந்துவிட்டது, ஆனால் ஒவ்வொரு பார்வையும் நீண்டுவிட்டது. சில பார்வைகள் 3 நொடியைத் தாண்டின. ஒருவர் ஸ்லைடரை இழுக்கும்போது வண்டி கோட்டைத் தொட்டது. பக்கத்து சீட்டில் இருந்தது நான்தான். அந்தக் காட்சி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

தட்டல்களைக் குறைத்தால் கவனச்சிதறலும் குறையும் என்றுதான் நினைத்தேன். எதைத் தவறவிட்டேன்? கூடுதல் விவரம்: 10 அங்குலத் திரை. 5 நொடி யாரும் தொடாவிட்டால் ஏசி பக்கம் மூடி மேப் வந்துவிடும்.

கண்ணளவு:
நீங்கள் குறைத்தது வேலையின் மொத்த நேரத்தை. வண்டியைக் கோட்டுக்கு இழுத்தது ஒற்றைப் பார்வையின் நீளம். இரண்டும் வேறு வேறு.

100 கி.மீ. வேகத்தில் 2 நொடி என்றால் வண்டி சுமார் 55 மீட்டர் போய்விடும். சாதாரணமாகச் சாலையில் ஓடும் 100 கார்களில் கேமரா வைத்து அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில், 2 நொடிக்கு மேல் கண் சாலையை விட்டு விலகினால் விபத்தோ, நூலிழையில் தப்புவதோ நேரும் வாய்ப்பு குறைந்தது இரு மடங்கு ஆகிறது என்று கண்டார்கள். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதனால்தான் இரண்டையும் தனித்தனியாக அளக்கச் சொல்கிறது: ஒரு பார்வை சராசரியாக 2 நொடிக்குள், முழு வேலைக்கும் சேர்த்து 12 நொடிக்குள். நிறுவனங்கள் விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அது இருக்கிறது. ஆனாலும் அளவுகோல் நல்லது.

அந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் பழைய நான்கு தட்டல்கள் அவ்வளவு மோசமில்லை. ஒவ்வொரு தட்டலுக்கும் நடுவே ஓட்டுநர் தலையை நிமிர்த்த ஓர் இடைவெளி இருந்தது. புதிய பக்கத்தில் முதலில் ஐந்து விஷயங்களுக்கு நடுவே தேட வேண்டும், பிறகு ஸ்லைடரைப் பிடிக்க வேண்டும். குலுங்கும் வண்டியில், கை எதிலும் ஊன்றாமல், விரலை ஒரு கோட்டின் மேல் நகர்த்தக் கண் கூடவே போக வேண்டும். பாதியில் கண்ணை எடுத்தால் 22 வைக்க நினைத்தது 27இல் போய் நிற்கும். முதல் வேலையாக ஸ்லைடரை எடுத்துவிடுங்கள்.

நெடுஞ்சாலைக்காரன்:
நான் வடிவமைப்பாளர் இல்லை. 20 வருடமாக வண்டி ஓட்டுகிறேன். ஒன்று சொல்லலாமா? அந்த 5 நொடி விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது.

என் வண்டித் திரையும் அப்படித்தான். ஏசி பக்கத்தைத் திறந்ததும் முன்னால் ஒரு லாரி பிரேக் போடும். நான் சாலையைப் பார்ப்பேன். அது சரியானதும் திரும்பினால் மேப் வந்து நிற்கும். மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். இப்படி நாலு தடவை ஆனபிறகு கை தானாக ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டது: உள்ளே போனால் முடித்துவிட்டுத்தான் நிமிர்வது. தப்பு என்று தெரியும். ஆனால் சாலையைப் பார்த்த குற்றத்துக்கு அந்தத் திரை என்னைத் தண்டிக்கிறதே.

கண்ணளவு:
அண்ணா, நான் கவனிக்காமல் போனதை நீங்கள் பிடித்துவிட்டீர்கள். அதுதான் மூலக் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வண்டிக்குள் இருக்கும் திரைகளுக்கு ஐரோப்பிய ஆணையம் வகுத்த கொள்கைகளில் இது நேராகவே இருக்கிறது: வேலையின் வேகத்தை ஓட்டுநர்தான் தீர்மானிக்க வேண்டும், இடையில் விட்ட வேலையை விட்ட இடத்திலிருந்தோ, பொருத்தமான வேறு இடத்திலிருந்தோ தொடர முடிய வேண்டும். டைம்அவுட், அதாவது 5 நொடியில் பக்கம் தானாக மூடுவது, இரண்டையும் உடைக்கிறது. மேசையில் யாரும் நடுவில் தலையைத் திருப்புவதில்லை. அதனால் அங்கே இந்தக் குறை தெரியவே தெரியாது.

திரைப்பணி, இதை உறுதிசெய்யத் தடம் தேவையில்லை. மறைப்புச் சோதனை ஒன்று இருக்கிறது, ஐஎஸ்ஓ 16673 என்ற சர்வதேசத் தரநிலை. திரையை 1.5 நொடி காட்டி, 1.5 நொடி கறுப்பாக மறைத்து, மாறி மாறி ஓட விடுங்கள். மறைந்திருக்கும்போதும் தொடுதல் வேலை செய்ய வேண்டும், கையைத் தடுக்கக் கூடாது. திரை தெரிந்த நேரத்தை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். அமெரிக்க வழிகாட்டுதல்படி அது 12 நொடிக்குள், அதாவது 8 காட்சிக்குள் முடிய வேண்டும்.

அப்புறம் அதே வேலையை மறைப்பே இல்லாமல் செய்யச் சொல்லி நேரம் பாருங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் வருவது ஆர் விகிதம். 1க்குக் கீழே வந்தால் விட்டுத் தொடர முடிகிறது என்று பொருள். 1ஐத் தாண்டினால் ஒவ்வொரு தடவை கண் திரும்பும்போதும் ஓட்டுநர் எதையோ புதிதாகத் தேடுகிறார்.

திருகுக்குமிழ்:
எல்லாம் சரி, ஏசிக்குத் திரை எதற்கு என்ற கேள்வியை யாருமே கேட்கவில்லையே. 1986இல் ப்யூக் ரிவியேரா காரில் தொடுதிரை வந்த காலத்திலிருந்தே இந்தப் பிரச்சினை இருக்கிறது. தட்டையான கண்ணாடியில் விரலுக்கு வழி தெரியாது.

2022இல் ஸ்வீடனின் வி பிலேகாரே இதழ் ஒரு சோதனை செய்தது. 110 கி.மீ. வேகத்தில் சீட் சூடு, வெப்பநிலை, ரேடியோ என்று நான்கு சின்ன வேலைகள். கார்களைப் பழகிக்கொள்ள ஓட்டுநர்களுக்கு முன்பே நேரம் கொடுத்தார்கள். பட்டன்கள் நிறைந்த 2005ஆம் ஆண்டு வோல்வோ வி70இல் 10 நொடியில், 306 மீட்டருக்குள் முடிந்தது. மிகவும் பின்தங்கிய புதிய காரில் 44.9 நொடி, 1372 மீட்டர். கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பும் 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனி பட்டனோ கைப்பிடியோ இருந்தால்தான் முழு மதிப்பு கொடுக்கிறது. முடிந்தால் உங்கள் மேலாளரிடம் ஒரே ஒரு குமிழுக்காகவாவது சண்டை போடுங்கள்.

திரைப்பணி:
சண்டை போட்டுவிட்டேன் சார். டேஷ்போர்டு அச்சு முடிந்துவிட்டது, குமிழுக்கு இனி இடமில்லை. ஸ்டியரிங்கில் மட்டும் மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கு பட்டன்கள் இருக்கின்றன. இப்போது பாட்டுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

இன்னொரு யோசனை: வண்டி ஓடும்போது ஏசி பக்கத்தையே பூட்டிவிட்டுக் குரல் கட்டளைக்கு மாற்றினால்?

இரவுப்பயணி:
வேண்டாம். ஓடும்போது டைப் செய்வதையும் வீடியோவையும் பூட்டுவது சரி. அந்த அமெரிக்க வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. குளிரும் வெக்கையும் ஓட்டும்போதுதான் தெரியும். அதைப் பூட்டினால் மனிதர்கள் வேறு குறுக்குவழி தேடுவார்கள்.

குரலை ஒரு துணையாக வையுங்கள், அதையே ஒரே வழியாக்காதீர்கள். கண் சாலையில் இருந்தாலும் மனம் வேறெங்கோ போய்விடும். யூட்டா பல்கலைக்கழகமும், அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏஏஏவின் அறக்கட்டளையும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், மிக மோசமான குரல் அமைப்புகளில் கட்டளை முடிந்த பிறகும் 27 நொடி வரை கவனச்சிதறல் நீடித்தது. "புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்று இரண்டு தடவை கேட்டாலே கோபம் வந்துவிடும். கோபத்தோடு ஓட்டுவது இன்னும் மோசம்.

அந்த நான்கு பட்டன்களில் மேலேயும் கீழேயும் வெப்பநிலைக்குக் கொடுங்கள். அரை டிகிரிக்கு ஒரு சின்னக் 'டிக்' ஒலி, எல்லைக்குப் போனதும் வேறு ஒலி. திரையைப் பார்க்கவே வேண்டாம்.

திரைப்பணி:
பத்து நாள் கழித்து வருகிறேன். சோதனை செய்தோம்.

நெடுஞ்சாலைக்காரன் அண்ணா சொன்னது உண்மைதான். முதலில் டைம்அவுட்டை மட்டும் நீக்கிவிட்டு, ஸ்லைடரை அப்படியே விட்டு மறைப்புச் சோதனை செய்தேன். எது எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்க ஆசை. அந்த ஒரு மாற்றத்திலேயே எங்கள் ஆர் விகிதம் 1.3இலிருந்து 1.1க்கு இறங்கியது. பிறகு ஸ்லைடருக்குப் பதில் கூட்டல், கழித்தல் என்று இரண்டு பெரிய பட்டன்கள் வைத்ததும் 0.8. ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்குக் கூகுள் சொல்லும் 76 டிபி (திரையில் அளவைக் குறிக்கும் அலகு) அளவையே பட்டனுக்கு எடுத்துக்கொண்டோம். ஃபேனையும் வெப்பநிலையையும் மட்டும் முதல் பக்கத்தில் வைத்து, சீட் சூட்டை அடுத்த பக்கத்துக்குத் தள்ளினோம். தட்டல் எண்ணிக்கை இரண்டிலிருந்து மறுபடி ஏறி மூன்றாகிவிட்டது! குழுவில் அதை ஏற்க வைக்கத்தான் நேரம் பிடித்தது. கேமராப் பதிவை ஓட்டிக் காட்டியதும் யாரும் பேசவில்லை.

ஸ்டியரிங் பட்டன்களை மாற்ற அனுமதி கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி: கண்ணாடிப் பனி நீக்கும் பட்டனை எங்கே வைப்பது? அடிக்கடி பயன்படுத்தாததால் அதையும் அடுத்த பக்கத்துக்கு அனுப்பலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

கண்ணளவு:
அனுப்பாதீர்கள். எவ்வளவு அடிக்கடி என்பதைவிட எவ்வளவு அவசரத்தில் தேவைப்படும் என்பதைப் பாருங்கள். எந்தப் பக்கம் திறந்திருந்தாலும், மேப் ஓடினாலும், அது ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஓட்டுநர் பக்கத்துக் கீழ் மூலை நல்ல இடம். திரைச் சட்டத்தின் விளிம்பைக் கை பிடித்துக்கொண்டால் கட்டைவிரல் தானாக அங்கே போகும், குலுக்கலிலும் தவறாது. அதிகம் பயன்படுத்துபவை தானாக முன்னால் வரும் வசதி ஏதாவது இருந்தால், இந்தப் பட்டனை அதில் சேர்க்காதீர்கள்.

நெடுஞ்சாலைக்காரன்:
தம்பி, கொட்டும் மழையில் கண்ணாடி மங்கும்போது சாலையும் தெரியாது, திரையையும் பார்க்க முடியாது. அந்த நேரத்துக்கு அந்த மூலை போதும். ஐகானுக்குப் பின்னால் நிறம் மட்டும் பளிச்சென்று இருக்கட்டும், ஆனால் இரவில் கண் கூசாத அளவுக்கு.