மர அலமாரிக்குள் கம்ப்யூட்டர்: சூட்டைக் குறைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறேன், கடற்கரை நடக்கிற தூரம்தான். ஹாலில் இருக்கும் மர அலமாரிக்குள் ரவுட்டர், 8 போர்ட் சுவிட்ச், இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட பழைய கம்ப்யூட்டர், யுபிஎஸ் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். அப்பா எடுத்த இருபது வருடப் போட்டோக்கள் அந்த டிஸ்க்குகளில்தான் இருக்கின்றன.

கதவை மூடினால் மத்தியானம் டிஸ்க்கின் சூடு 54 டிகிரிக்குப் போகிறது. பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு 60தான் உச்சவரம்பு. திறந்து வைத்தால் 46க்கு இறங்குகிறது, ஆனால் உப்புக்காற்று உள்ளே வருகிறது. போன வருடம் ஒரு நெட்வொர்க் கார்டின் பின்கள் பச்சை பூத்தே போயின. எனக்குச் சூட்டைவிட இந்த உப்புதான் பெரிய கவலை.

சூடான காற்று மேலே போகும் என்பதால், அலமாரியின் கீழே ஒரு துளை, மேலே 120 மி.மீ. ஃபேன் ஒன்று என்று யோசித்திருக்கிறேன். ஃபேன் காற்றை வெளியே இழுத்தால் எல்லா இடுக்கிலிருந்தும் தூசி உள்ளே வருமே? அதைவிட, கீழே ஃபில்டர் வைத்து ஃபேனால் காற்றை உள்ளே தள்ளுவது நல்லதா? கடலோரத்தில் இருப்பவர்கள் என்ன ஃபில்டர் போடுகிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுகிறீர்கள்?

அப்புறம், யுபிஎஸ்ஸை அலமாரிக்கு வெளியே வைத்துவிடலாமா? 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் பேட்டரி ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பார்கள். ஒயர்கள் சிக்கலாகக் கிடக்கின்றன, அதை நானே பிரித்துக் கட்டிவிடுவேன்.

ஹாலில் ஏசி போட வசதியில்லை. புதுச்சேரி, கடலூர் பக்கம் இப்படிச் செய்தவர்கள் இருந்தால் படத்தோடு சொல்லுங்கள். ஆசாரி ஞாயிற்றுக்கிழமை வருகிறார், அதற்குள் துளை எங்கே போடுவது என்று முடிவு செய்ய வேண்டும்.