யார் சொல்லை நம்பிச் சேவையைத் தேர்ந்தெடுப்பது?

முதுநகர்_நெய்தல்:
கடலூர் துறைமுகப் படகுக்காரர்களுக்குக் கைபேசிச் செயலி ஒன்று எழுதுகிறோம். காற்று வேகம், அலை உயரம், மீன் விலை மூன்றையும் வெவ்வேறு ஆட்கள் நடத்தும் இணையச் சேவைகளிடமிருந்து வாங்குகிறோம். எந்தச் சேவை எங்கே என்று சொல்லும் மையப் பதிவேடு கிடையாது. ஒவ்வொன்றும் 99 சதவீத நேரம் இயங்கினாலும் மூன்றும் சேர்ந்து தேறுவது 97 சதவீதம்தான். மாதத்தில் 21 மணி நேரம் செயலி ஊமை. அதனால் ஒரே வேலைக்குப் பல சேவைகளை வைத்துக்கொண்டு, நல்லதைச் செயலியே பொறுக்க வேண்டும். ஒவ்வொரு கணுவும், அதாவது செயலி ஓடும் ஒவ்வொரு கைபேசியும், தான் கண்டதற்கு மதிப்பெண் போட்டு அண்டைக் கணுக்களுக்குச் சொல்லட்டும் என்கிறேன். 2003இல் ஸ்டான்ஃபோர்டில் உருவான ஐகன்டிரஸ்ட் முறை அப்படித்தான்: நல்ல பெயர் எடுத்தவர் சொல்லுக்கு எடை கூடுதல்.

தேங்காய்த்திட்டு:
எதற்கு இந்தச் சுற்றுவழி? ஒரு பட்டியல், அதைப் பராமரிக்க ஓர் ஆள். போதாதா?

முதுநகர்_நெய்தல்:
பராமரிப்பவர் கையை விரித்தால்? ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி நடத்திய, இணையச் சேவைகளைப் பட்டியலிட்ட யூடிடிஐ பொதுப் பதிவேட்டையே 2006இல் மூடிவிட்டார்கள்.

மஞ்சக்குப்பம்:
தம்பி, ஐகன்டிரஸ்டைப் பாதிதான் சொல்கிறீர்கள். நம்பத்தக்கவை என்று சில கணுக்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டுதான் அது கணக்கையே தொடங்குகிறது. அவற்றை எடுத்துவிட்டால், ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்ளும் கும்பல் உச்சியில் போய் உட்கார்ந்துவிடும். மைய அடையாளச் சான்று இல்லாத இடத்தில் ஒரே ஆள் நூறு பெயரில் வந்து ஓட்டுப் போடலாம். சிபில் தாக்குதல் என்று 2002இலேயே எழுதிவைத்துவிட்டார்கள். ஊர் வாயை விடுங்கள். கணு தானே அளக்கட்டும்: எத்தனை அழைப்புக்குப் பதில் வந்தது, எவ்வளவு நேரத்தில் வந்தது. போன மாதத்தைவிட நேற்றைக்கு எடை கூடுதல்.

முதுநகர்_நெய்தல்:
இன்று செயலியை நிறுவியவரிடம் நேற்று என்பதே இல்லையே, அண்ணா. வேகம் மட்டும் போதுமா? தவறான அலை உயரம் 200 மில்லிநொடியில் வந்து யாருக்கு லாபம்?

மஞ்சக்குப்பம்:
உண்மையா என்று பார்க்க, ஹைதராபாத்தில் உள்ள அரசுக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்போடு ஒத்துப்பாருங்கள். இன்னொன்று: எல்லாரும் முதலிடச் சேவையையே மொய்த்தால் அது திணறி விழும். குலுக்கலில் இரண்டை எடுத்து, சுமை குறைந்ததைக் கூப்பிடுங்கள்.

வெள்ளிக்கடற்கரை:
இருவருமே வெயில் நாளைத்தான் அளக்கிறீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. நாங்கள் நான்கு சேவைகளை வைத்திருந்தோம். நடத்துபவர்கள் நான்கு பேர், மதிப்பெண் நான்கிலும் பிரமாதம். நான்கும் சேர்ந்தாற்போல் படுத்தன. விசாரித்தால், எல்லாமே ஒரே கட்டடத்து வாடகை சர்வர்கள். ஜெனரேட்டர் தரைத்தளத்தில், தண்ணீருக்குள். புயலன்று பயன்படாத மதிப்பெண் படகுக்காரருக்கு எதற்கு? சர்வர் எங்கே இருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள்.

முதுநகர்_நெய்தல்:
அதையும் நடத்துபவர்தானே சொல்ல வேண்டும்? அங்கேயும் பொய் சொல்லலாம்.

மஞ்சக்குப்பம்:
சொல்லாவிட்டாலும் பிடிபடும். எந்தெந்தச் சேவைகள் ஒரே நிமிடத்தில் தடுமாறுகின்றன என்று பதிவுகளைப் புரட்டினால், ஒரே கூரைக்குக் கீழ் இருப்பவை தெரிந்துவிடும்.

முதுநகர்_நெய்தல்:
ஒரு கணுவின் பதிவு அதற்குக் காணாது. அண்டைக் கணுக்களிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஊர் வாய் வேண்டாம் என்றீர்களே?

மஞ்சக்குப்பம்:
மதிப்பெண்ணைத்தான் வேண்டாம் என்றேன். அழைத்த நேரம், பதில் வந்த நேரம், வந்த பதில் மூன்றையும் அப்படியே அனுப்பட்டும். நல்லதா கெட்டதா என்ற கணக்கை என் கணு போட்டுக்கொள்ளும்.