உதவி: காந்தப்புலம் ஏறினால் எஸ்டிஎம் படத்தில் கோடுகள் (ஹீலியம் ஊற்றாத கிரையோஸ்டாட், அதாவது குளிர்கலன்)

ஊசிமுனை:
வணக்கம். பல்ஸ் டியூப்பில் (வாயுவைத் துடிப்பாக அழுத்தித் தளர்த்திக் குளிர்விக்கும் இயந்திரம்) குளிரும் 9 டெஸ்லா காந்தத்துக்குள் எங்கள் எஸ்டிஎம் (ஊசிக்கும் மாதிரிக்கும் இடையே பாயும் மின்னோட்டத்தை வைத்து அணுக்களைப் படமெடுக்கும் நுண்ணோக்கி) இருக்கிறது. புலம் இல்லாதபோது கிராஃபைட்டில் அணுக்கள் பளிச்சென்று தெரிகின்றன. 3 டெஸ்லா தாண்டியதும் குறுக்கே கோடுகள். ஏற்ற ஏற்ற மோசம். ஸ்கேன் வேகத்தை மாற்றினால் கோடுகளின் இடைவெளியும் மாறுகிறது, ஆகவே மாதிரியில் உள்ளது இல்லை. மின்னோட்ட எஃப்எஃப்டியில் (அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடம்) 700 ஹெர்ட்ஸ் பக்கம் முள் போல ஒரு உச்சம். பல்ஸ் டியூப் துடிப்பதோ 1.4 ஹெர்ட்ஸ். இந்த 700 எங்கிருந்து?

குளிர்க்காரன்:
அதிர்வுதான். எஸ்டிஎம் தலையை (ஊசியும் மாதிரியும் உள்ள பகுதி) தொங்கவிட்டிருக்கும் ஸ்பிரிங்கை இன்னும் மென்மையாக்கிப் பாருங்கள்.

சுருள்:
அவசரப்பட வேண்டாம். அதிர்வு மட்டும் என்றால் பூஜ்யப் புலத்திலும் கெட்டிருக்க வேண்டும். ஊசிக்கும் மாதிரிக்கும் இடைவெளி 1 ஆங்ஸ்ட்ராம் மாறினாலே மின்னோட்டம் ஏறக்குறைய 10 மடங்கு மாறும், மறைக்கவே முடியாது. இன்னொன்று, தொங்கும் தலையில் பெரிய செம்புத் துண்டு இருந்தால், அது சாயும்போதெல்லாம் சுழல் மின்னோட்டம் பிடித்து நிறுத்தும். வலுவான புலத்தில் ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரி.

முதலில் ஊசியைப் பின்னுக்கு இழுங்கள், பயாஸை (ஊசிக்கும் மாதிரிக்கும் இடையே கொடுக்கும் மின்னழுத்தம்) பூஜ்யமாக்குங்கள், அப்புறம் அதே எஃப்எஃப்டியை 0, 3, 6 டெஸ்லாவில் எடுங்கள். பயாஸோடு சேர்ந்து முள் போய்விட்டால், பயாஸ் உள்ள பாகங்கள் ஆடுவதால் வரும் மின்தேக்க இணைப்பு. போகாமல் புலத்துக்கு நேர்விகிதத்தில் வளர்ந்தால், ஏதோ ஒரு வயர் புலத்துக்குள் ஆடி மின்னழுத்தம் தூண்டுகிறது.

குளிர்க்காரன்:
பல்ஸ் டியூப்பின் கம்ப்ரெசரைக் கொஞ்ச நேரம் அணைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடுமே?

சுருள்:
குறைந்த புலத்தில் செய்யலாம், வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்காமல். 9 டெஸ்லாவில் வேண்டவே வேண்டாம். காந்தத்தின் நியோபியம்-டைட்டானியம் மீக்கடத்திச் சுருளுக்கு அங்கே வெப்ப இடைவெளி மிகச் சிறியது, தாங்கிக்கொள்ளத் திரவ ஹீலியத் தொட்டியும் இல்லை. குவென்ச் ஆனால் (சூடாகி மீக்கடத்தலை இழந்தால்) மறுபடி குளிர்வதற்குள் பொறுமை போய்விடும்.

ஊசிமுனை:
எடுத்துவிட்டேன். பயாஸ் பூஜ்யம், ஊசி வெளியே, முள் அப்படியே நிற்கிறது. 6 டெஸ்லாவில் 3-இன் இரட்டிப்பு, பூஜ்யத்தில் சத்தமே இல்லை. ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் தொடர்ச்சியாகவும் இல்லை: 0.7 நொடிக்கு ஒரு தடவை கிளம்பி, அடங்கி, மறுபடி கிளம்புகிறது.

சுருள்:
அப்போது வயர்தான். பல்ஸ் டியூப்பின் ஒவ்வொரு துடிப்பிலும் அதன் வால்வு மாறும்போது ஒரு தட்டு விழுகிறது. வீணைத் தந்தியைச் சுண்டிவிட்டது போல அந்த வயர் தன் சொந்த அதிர்வெண்ணில் அடிக்கிறது. கோஆக்ஸ் கேபிளை (உலோக உறை சுற்றிய கம்பி) சந்தேகிக்காதீர்கள், அதில் உள்கம்பியும் உறையும் சேர்ந்தே ஆடுகின்றன. கோஆக்ஸ் முடிந்து ஊசி வரை போகும் மெல்லிய வெற்று வயரைப் பாருங்கள். ஊசி நகரும் மோட்டாருக்காகத் தொளதொளவென்று விட்டிருப்பீர்கள்.

ஊசிமுனை:
ஆமாம், அரை வளையமாகத் தொங்கியது. நகர்வுக்குத் தேவையான தளர்வை மட்டும் விட்டு, மீதியை உடலோடு சேர்த்து வார்னிஷ் வைத்து ஒட்டிக் குளிர்வித்தோம். 9 டெஸ்லாவில் முள் இரைச்சல் மட்டத்துக்குள் போய்விட்டது, அணுக்கள் தெரிகின்றன. புலத்தை ஏற்றும்போது மட்டும் படம் நகர்கிறது.

சுருள்:
அது சுருளும் உலோகப் பாகங்களும் சூடாவது. மெதுவாக ஏற்றுங்கள், வெப்பநிலை நின்ற பிறகு ஸ்கேன் ஆரம்பியுங்கள்.