புது டூரிங் பைக்: எந்த ஆப்ஷனை எடுப்பது, எதை விடுவது?

தூரவழி:
வணக்கம் நண்பர்களே. 1000 சிசி டூரிங் வண்டி ஒன்று புக் செய்யப் போகிறேன். செயின் டிரைவ். மாடல் முடிவாகிவிட்டது, ஆப்ஷன் பட்டியல்தான் குழப்புகிறது. எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன், க்ரூஸ் கன்ட்ரோல் (வேகத்தை ஒரே அளவில் பிடித்து வைப்பது), குவிக் ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றுவது), ஹீட்டட் கிரிப், சென்டர் ஸ்டாண்ட், மூன்று பெட்டி (சைடில் இரண்டு, பின்னால் மேலே டாப் பாக்ஸ்), க்ராஷ் கார்டு, ஃபாக் லைட், லோ சஸ்பென்ஷன் என்று நீண்டுகொண்டே போகிறது. எல்லாவற்றையும் எடுக்கப் பட்ஜெட் இடம் தராது. நான் 78 கிலோ, உயரம் 166 செ.மீ. மனைவி 62 கிலோ. ஒரு வாரம், பத்து நாள் என்று இருவருமாகத்தான் கிளம்புவோம். கம்பெனியிலேயே போட்டு வாங்க வேண்டியவை எவை?

மணி_டூரர்:
பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, ஓனர் மேனுவலில் அந்த வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை எவ்வளவு என்று பாருங்கள். இதை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. உதாரணமாக, மொத்த எடை 450 கிலோ, பெட்ரோல் நிரப்பிய வண்டி 255 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 195. நீங்கள் இருவரும் 140. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் இரண்டு பேருக்கும் சேர்த்து 15 வரும். மூன்று காலிப் பெட்டிகளும் அவற்றின் கம்பிகளும் சேர்ந்து 20 கிலோ பக்கம். க்ராஷ் கார்டும் சென்டர் ஸ்டாண்டும் 10. ஆக, துணிமணி, மழைக்கோட்டு, டூல்ஸ், தண்ணீர் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது வெறும் 10 கிலோ. இவ்வளவுக்கும் வண்டி இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை.

அதனால் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் பணத்தோடு எடையையும் கேளுங்கள். பெட்டிக்குப் பதில் நல்ல வாட்டர்ப்ரூஃப் துணிப்பை போட்டால் பல கிலோ மிச்சமாகும். பூட்டு இருக்காது, அது ஒன்றுதான் குறை. டாப் பாக்ஸை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். பின் ஆக்ஸிலுக்கும் பின்னால், உயரத்தில் தொங்கும் எடை அது. வேகத்தில் முன் சக்கரம் லேசாகிவிடும்.

கம்பெனியிலேயே வாங்க வேண்டியவை: சாய்வை உணரும் கார்னரிங் ஏபிஎஸ் (வளைவில் சாய்ந்தபடி பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), க்ரூஸ் கன்ட்ரோல், எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன். சென்சாரும் மென்பொருளும் வண்டியோடு சேர்ந்தே வருபவை, பிறகு பூட்டுவது பெரும்பாலும் நடக்காது. கார்னரிங் ஏபிஎஸ் முதலில் வந்தது 2014 மாடல் கேடிஎம் 1190 அட்வென்ச்சரில். இப்போது பல டூரிங் வண்டிகளில் அது சாதாரணமாகவே வருகிறது. உங்கள் மாடலில் மேல் வேரியன்ட்டில் மட்டும்தான் இருக்கிறதென்றால், மற்ற எதை விட்டாலும் அதை விடாதீர்கள்.

சஸ்பென்ஷன் பற்றிக் கூடுதலாக ஒரு வார்த்தை. பின்னால் 62 கிலோ ஏறியதும் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், ஹெட்லைட் மேலே பார்க்கும், வளைவில் வண்டி வெளிப்பக்கமாக அகன்று போகப் பார்க்கும். ப்ரீலோடு, அதாவது பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, ஏற்றினால் இது சரியாகும். எலக்ட்ரானிக்கில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். அதற்குப் பணம் இல்லையா? கையால் திருகும் ரிமோட் ப்ரீலோடு குமிழ் இருக்கிற வண்டியே தாராளம். ஸ்பேனரை எடுத்துத் திருக வேண்டிய வகை என்றால் யாரும் செய்வதில்லை, அப்படியே ஓட்டிவிடுகிறார்கள்.

செயின் வண்டிக்கு சென்டர் ஸ்டாண்ட் கட்டாயம். தினமும் சாயங்காலம் சூடு இருக்கும்போதே பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுச் செயினுக்கு லூப் (மசகு) ஸ்ப்ரே அடிக்கலாம். பஞ்சரானால் ஆணி எங்கே என்று சுற்றிப் பார்க்கவும் வேண்டும். இன்னொன்று, லோ சஸ்பென்ஷன் எடுத்தால் சில மாடல்களில் சென்டர் ஸ்டாண்ட் கிடைக்காது. சாய்வதற்கான இடைவெளியும் குறையும். 166 செ.மீ.க்கு முதலில் லோ சீட்டை முயன்று பாருங்கள், பூட்ஸ் போட்டுக்கொண்டு, மனைவியையும் பின்னால் உட்கார வைத்து.

பின்னிருக்கை_ராணி:
மணி அண்ணா, எடைக் கணக்கு முழுக்க சரி. ஆனால் டாப் பாக்ஸை விடச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பின்னால் உட்காருபவளாகச் சொல்கிறேன். த்ராட்டில் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் உடம்பு பின்னால் இழுபடும். அதைத் தாங்குவது வயிறும் தொடையும்தான். நாலு மணி நேரம் கழித்து முதுகுச் சாய்வு இருந்தால் எப்படி இருக்கும் என்பது உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். சின்ன டாப் பாக்ஸ் வாங்கி, சாய்வு மெத்தை போட்டு, உள்ளே மழைக்கோட்டு மட்டும் வையுங்கள். பல ரேக்குகளுக்கு 5 முதல் 10 கிலோதான் வரம்பு.

குவிக் ஷிஃப்டரை ஓட்டுபவரின் ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு கியருக்கும் என் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் டக்கென்று முட்டும். ஓரளவு வேகத்தில் போகும்போது குவிக் ஷிஃப்டர் அதை நன்றாகவே குறைக்கிறது. மெதுவாகப் போகும்போது உதறும், அப்போது கிளட்ச் பிடித்தே மாற்றச் சொல்லுங்கள்.

புக் செய்வதற்கு முன் அக்காவை அரை மணி நேரமாவது பின்னால் வைத்து டெஸ்ட் ரைடு போங்கள். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, காற்று தலையில் எங்கே அடிக்கிறது என்று அவரே சொல்லட்டும். பில்லியன் சீட் உயரமாக இருப்பதால் விண்ட்ஸ்கிரீன் உங்களுக்குத் தடுக்கும் காற்று நேராக அவர் முகத்துக்குத்தான் வரும்.

தூரவழி:
இருவருக்கும் மிக்க நன்றி. மேனுவலைப் பார்த்தேன், கூட்டிக் கழித்தால் எங்களுக்கு நிஜமாகவே இடம் குறைவுதான். சைடு பெட்டிகள் வேண்டாம், துணிப்பை. சின்ன டாப் பாக்ஸ், சென்டர் ஸ்டாண்ட், க்ரூஸ், குவிக் ஷிஃப்டர். ஹீட்டட் கிரிப், ஃபாக் லைட் இரண்டையும் வெளியில் போட்டால் வயரிங்கில் பிரச்சனை வருமா?

ரிலே_பாஸ்கர்:
ஹீட்டட் கிரிப் கம்பெனியிலேயே எடுங்கள். ஸ்விட்ச் ஹேண்டிலிலேயே வரும், வாரன்டி பேச்சும் எழாது. ஃபாக் லைட்டை வெளியில் போடலாம். எல்இடி ஜோடி 20 முதல் 40 வாட் வரைதான் இழுக்கும். கேன் பஸ் (மின்சாதனங்களைக் கணினி மூலம் இணைக்கும் வயரிங்) உள்ள வண்டியில் ஹெட்லைட் வயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள், டாஷ்போர்டில் எரர் வரலாம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தனி லைன் இழுத்து, இக்னிஷன் போட்டால் மட்டும் ஆன் ஆகும்படி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி இறங்கிவிடும்.

வண்டியில் உள்ள 12 வோல்ட் சாக்கெட்டின் ஃபியூஸையும் பாருங்கள். 5 ஆம்ப் என்றால் 60 வாட்தான். காற்றடிக்கும் பம்ப் அதைவிட அதிகம் இழுக்கும், ஃபியூஸ் போய்விடும். பம்புக்கு பேட்டரியிலிருந்தே ஃபியூஸோடு ஒரு கனெக்டர் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபாக் லைட் வேலை நடக்கும் அன்றே அதையும் செய்யச் சொன்னால், சீட்டை ஒரு தடவை கழற்றினால் போதும்.