மீட்பு போட் திரும்பி வரக்குள்ள முகத்துவாரத்தில கவிழாம இருக்க வழி என்ன?

கேள்வி – பாலமீன்மடு
எங்கட சங்கத்தில நாலு பேரைச் சேர்த்து மீட்புக் குழு அமைக்கப் போறம். 19 அடி ஃபைபர் போட், 25 குதிரைவலு எஞ்சின். காப்பாத்தப் போறவங்களே கடலோட போற நிலைமை வரக்கூடாது. வெளிநாட்டில அப்படிப் போன குழுக்களுக்கு என்ன நடந்தது? அனுபவமுள்ள அண்ணன்மார் சொல்லுங்க.

பதில் – வாழைச்சேனை
தம்பி, 1928 நவம்பர் 15, இங்கிலாந்து ரை ஹார்பர். மேரி ஸ்டான்ஃபோர்ட் எண்ட துடுப்பு மீட்புப் படகில 17 பேர் இறங்கினாங்க. ஆபத்தில கிடந்த அலிஸ் கப்பல் ஆக்களை வேற கப்பல் ஏத்திட்டுது எண்ட செய்தி அதுக்குப் பிறகுதான் கரைக்கு வந்தது. திரும்பச் சொல்லி விட்ட வெளிச்சக் குண்டு அவங்கட கண்ணில படல்ல. வரக்குள்ள துறைமுக வாசல்ல கவிழ்ந்து 17 பேரும் முடிஞ்சிது.

அதனால கரையில ஒரு ஆள் விஎச்எஃப் ரேடியோவோட நிக்கணும், வேற வேலைக்குப் போகக் கூடாது. 15 நிமிசத்துக்கு ஒருக்கா போட் பேசணும். சனல் 16 அவசர அழைப்புக்கு; உங்கட பேச்சுக்கு வேற சனல் முதலே பேசி வையுங்க. கைரேடியோ தாழ்ந்த போட்டில இருந்து கொஞ்சத் தூரம்தான் எட்டும், கரை அன்டனாவை உயரத்தில கட்டுங்க.

பதில் – மருதமுனை
முகத்துவாரம்தான் பெரிய சோதனை. மாரியில வாவித் தண்ணி வெளிய இழுக்கும், வாடை அலை உள்ளுக்கு வரும். ரெண்டும் முட்டினா அலை செங்குத்தா நிமிரும். பின்னால வாற அலை எஞ்சின் பக்கத்தைத் தூக்கினா அணியம் (போட்டின்ட முன்பக்கம்) தண்ணிக்குள்ள குத்தும், எஞ்சின் காத்தாடி தண்ணிக்கு வெளிய சுத்தும், சுக்கானுக்குப் பிடி இராது. போட் குறுக்கால திரும்பும். அடுத்த அலை உருட்டிடும்.

வெளிய நிண்டு அலையை எண்ணுங்க. பெரிய அலைகள் கூட்டமா வரும். அது கழிஞ்சதும் ஒரு அலையின்ட முதுகில ஏறி அதே வேகத்தில வாங்க. முகட்டைத் தாண்டாதீங்க, பின்னால வாறது பிடிக்கவும் விடாதீங்க. ஆக்கள் பின்பக்கம் தாழக் குந்தணும். எஞ்சின் நிப்பாட்டுற கயிறு ஓட்டியின்ட கையில கட்டியிருக்கணும். வாசல் வெள்ளையா உடையிற நேரம் உள்ளுக்கு வராதீங்க. விடியும் வரைக்கும் ஆழத்தில அணியத்தை அலைக்குக் குடுத்து நில்லுங்க. ஒலுவில் துறைமுகப் பக்கம் ஓடுறதுக்கு முதல் அங்க வாசல் மண் மூடியிருக்கா எண்டு கேளுங்க.

பதில் – வாழைச்சேனை
மருதமுனை நானா சொன்னதோட ரெண்டு விசயம். 1981 டிசம்பர் 19, இங்கிலாந்து பென்லீ. யூனியன் ஸ்டார் கப்பல்ல எண்ணெய்க்குள்ள கடல்தண்ணி போய் எஞ்சின் நிண்டது. சாலமன் பிரவுன் எண்ட மீட்புப் படகு நாலு பேரை ஏத்திட்டு மிச்ச ஆக்களுக்காகத் திரும்பவும் கிட்டப் போனது. படகுக்காரர் 8 பேர், கப்பல்ல 8 பேர், ஒருத்தரும் மிஞ்சல்ல. படகுத் தலைவர் ட்ரெவெல்யன் ரிச்சர்ட்ஸ் இப்படியான இரவில ஒரு வீட்டில ஒருத்தர்தான் எண்டு, ஒரு தகப்பன் ஏறின பிறகு அவர்ட மகனை ஏத்தல்ல. உங்கட நாலு பேரிலயும் இந்த முறை கட்டாயம் வேணும்.

எண்ணெயில மூண்டில ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாம. தண்ணி பிரிக்கிற ஃபில்டர் பூட்டுங்க. எண்ணெய்க் கானின்ட அடித்தண்ணியைப் புறப்படுறதுக்கு முதல் ஊத்திப் பாருங்க. லைஃப் ஜாக்கெட் கவட்டுப் பட்டியோட இருக்கணும், இல்லாட்டி தண்ணியில தலைக்கு மேல கழண்டு வரும். எத்தனை பேரை ஏத்தலாம் எண்ட கணக்கைக் கரையிலயே முடிவு பண்ணுங்க.